கத்திரியில் ஒரு கோட்டு

அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால் வீட்டில் எனக்கு மூன்றே உடுப்புகள்தான். ஒன்று, நாலு முழ வேட்டி. இரண்டு, தோளில் ஒரு துண்டு. மூன்றாவது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சட்டை. இந்த மூன்றாவது உடுப்பு உடம்புக்காக ஏற்பட்டதல்ல. அழைப்பு மணிக்காக ஏற்பட்டது.

மணி அடித்தால் முதலில் ஜன்னல் வழியாகப் பார்க்கவேண்டும். பால்காரர், காய்கறிக்காரர், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் என்றால் அப்படியே வெற்று மார்போடு போய்க் கதவைத் திறக்கலாம். தூரத்து உறவினர் என்றால் தோளில் கிடக்கும் துண்டை விரித்துப் போர்த்திக் கொள்ள வேண்டும். பாங்கி மானேஜர், டாக்டர், முன்பின் தெரியாத சபாக் காரியதரிசி ஆகியோருக்குச் சட்டை. சம்பந்தி வந்துவிட்டால் நாலு முழம் எட்டு முழமாக மாறவேண்டும். அதுவரையில் அவரை வாசலில் நிறுத்திவைத்து, வெய்யிலைப் பற்றி உள்ளேயிருந்தே குரல் கொடுக்க வேண்டும்.

இதை என் ஒருவனுடைய பைத்தியக்காரத்தனம் என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். மத்தியான வேளையில் எந்தத் தெருவிலாவது வரிசையாகப் பத்து வீட்டு மணியை அடித்துப் பாருங்கள். கதவு திறப்பதற்குள் உள்ளே ஒரு ஓட்டமும், "என் சட்டை எங்கே?" என்ற கூச்சலும் கேட்காத வீடு இரண்டுகூடத் தேறாது. கதவைத் திறப்பவருடைய சட்டைப் பொத்தான் ஒரு துளை மாறிப் போட்டிருக்கும். பெண்மணிகள் இந்த விஷயத்தில் நம்மைப் பார்த்துச் சிரிப்பதற்குப் பூரண உரிமை பெற்றவர்கள். அடுப்பங்கரைச் சூட்டிலும் ஆறு கஜப் புடவையில் நிற்கிறவர்கள் அவர்கள். ஆயினும் அவர்களுடைய கஷ்டத்தைப் பற்றி அவர்களே எழுதினால்தான் நன்றாயிருக்கும். எனக்குத் தெரிந்தது ஆண்பிள்ளைகளின் அசட்டுத்தனம், அதோடு நிற்கிறேன்.

வேர்வை என்பது ஒரு நல்ல ஏற்பாடு. ஒரு கிராம் வேர்வை ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதை அது நம் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் ஆவியானால்தான் இந்த லாபம். வழிந்து சொட்டினால் வெறும் நஷ்டம். சென்னைக் காற்றோ கடலோரக் காற்று. ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டு வருவதால் நம் வேர்வையை ஏற்றுக்கொள்ள அதற்கு அவ்வளவாக இஷ்டமில்லை. மத்தியானம் கடற்காற்று வேளையோடு நுழைந்துவிட்டால் பிழைத்தோம்; மேற்கேயிருந்து வீசும் அனல் அதை வாசலிலேயே மறித்து நிறுத்திவிட்டால் அதோகதிதான். 2003 மே 31-ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி காய்ந்தது இந்த ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. இப்பேர்ப்பட்ட ஊரில் துணி என்பது காற்றை உள்ளே விடுவதாக இருக்கவேண்டும். தொளதொளவென்று, மெல்லியதாக, பருத்தியில், எவ்வளவு குறைவோ அவ்வளவு நலமாக. இது குழந்தைக்குக்கூடத் தெரியும். குழந்தைகளுக்குத்தான் தெரிகிறது என்று சொன்னாலும் தவறில்லை, அரைஞாணோடு சரி.

பெரியவர்கள் செய்வது என்ன? தெருவில் இறங்கிப் பார்க்கலாம்.

முதலில் கழுத்துக் கைக்குட்டை. சட்டைக் காலருக்கும் பிடரிக்கும் நடுவே மடித்துச் செருகிய கைக்குட்டையோடு போகும் மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். காலர் அழுக்காகாமல் இருப்பதற்கு அது. சட்டையில் வேர்வை படாமல் இருப்பதற்கு உள்ளே பனியன். பனியனில் நாற்றம் ஏறாமல் இருப்பதற்கு அதற்கும் உள்ளே பவுடர். இப்படி ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ளதைக் காப்பாற்றுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் மனிதனைக் காப்பாற்ற மட்டும் ஒன்றும் ஏற்படவில்லை. வேர்க்குரு வந்தபின் அதற்கென்று தனிப் பவுடர் உண்டு.

அடுத்தது இளைஞர்களின் ஜீன்ஸ். இந்தத் தடித்த நீலத் துணிக் கால்சட்டையில் கிழியாதிருக்கச் செம்புக் குமிழ் அடிப்பதற்கு லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற தேதி 1873 மே 20. முரட்டு வேலை செய்யும் தொழிலாளிகளுக்காக உண்டான உடுப்பு அது. அந்தத் தேதி நமக்குக் கத்திரியின் நடு மத்தி என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நம் பிள்ளைகளுக்குத் தெரியலாம். மவுண்ட் ரோடு சிக்னலில் மோட்டார் சைக்கிளின் கொதிக்கும் யந்திரத்தை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அதன்மேல் ஜீன்ஸையும் மாட்டிக்கொண்டு, பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கிறானே, அவனுக்கு முன்னால் பஞ்சாக்கினி நடுவில் தவம் செய்த ரிஷிகள் சாதாரணம்.

இதையெல்லாம் பார்த்து, "அந்தக் காலத்துப் பெரியவர்கள் இப்படியா?" என்று பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு. அவர்கள் தயவுசெய்து பழைய புகைப்படங்களைப் பார்க்கட்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் என் தாத்தாவின் படம் ஒன்று இருந்தது. கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். தலையில் முண்டாசு, கழுத்துவரை மூடிய அல்பாகா கோட்டு, இடுப்பில் பஞ்சகச்சம், காலில் ஒன்றுமில்லை. இடுப்புக்கு மேலே சர்க்கார், இடுப்புக்குக் கீழே சாஸ்திரம். வெய்யிலுக்கு என்று அவருடைய தேகத்தில் ஒதுக்கப்பட்டிருந்த இடம் பாதம் ஒன்றுதான். கச்சேரியிலிருந்து சாயங்காலம் வந்ததும் கோட்டை ஆணியில் மாட்டுவாராம். மறுநாள் காலையில் அது உப்புப் பூத்து விறைத்துத் தானாகவே நிற்கும் என்று என் பாட்டி சொல்வாள். பாரதியாரின் படத்தைப் பாருங்கள். அங்கேயும் கோட்டு, தலைப்பாகை. அன்னியனுடைய ஆட்சியை ஒரு நாளும் ஒப்புக்கொள்ளாத மகாகவியும் அன்னியனுடைய கோட்டை ஒப்புக்கொண்டார். கவிக்குச் சலுகை உண்டு. என் தாத்தாவுக்கு அது கிடையாது.

கோட்டு என்றதும் வக்கீல்களைச் சொல்லாமல் தீராது. வக்கீல் உடை பற்றி பார் கவுன்சில் விதிகளிலேயே ஒரு கருணை உண்டு. சுப்ரீம் கோர்ட்டும் ஹைக்கோர்ட்டுகளும் தவிர மற்றக் கோர்ட்டுகளில் கோடைகாலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. இதைப் படித்தபோது, "ஆகா, விதி எழுதினவர்களில் ஒருவராவது மே மாதத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டு வராந்தாவில் நின்றிருக்கிறார்" என்று மகிழ்ந்து போனேன். ஆனால் சென்ற கோடையில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தேன். மரத்தடியில் கறுப்புக் கோட்டுகள் கூட்டங்கூட்டமாக நின்றுகொண்டிருந்தன. எனக்குத் தெரிந்த இளம் வக்கீல் ஒருவரைத் தனியே அழைத்து விதியைச் சொன்னேன். அவர் கோட்டின் கைநுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "விதி எனக்குத் தெரியும் சார். கட்சிக்காரருக்குத் தெரியாதே. கோட்டைக் கழற்றினால் குமாஸ்தா என்று நினைத்து ஃபீஸைக் குறைத்துவிடுவார்" என்றார்.

1980-இல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வந்தது. பாலைவனத்து பெதூயின்கள் கொளுத்தும் வெய்யிலில் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்பது விஷயம். கறுப்போ வெள்ளையோ, உடம்பை எட்டும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கண்டார்கள். அங்கி தொளதொளவென்றிருப்பதால் கறுப்புத் துணி கூடுதலாக வாங்கும் சூடு தோலை எட்டுமுன்பே போய்விடுகிறது. வக்கீல்கள் இதைத் தங்கள் கட்சிக்கு ஆதாரமாகக் காட்ட முன்வரலாம். பெதூயின் கழுத்தில் வெள்ளைப் பட்டி கட்டிக் காற்றின் வாசலை அடைத்துக் கொள்வதில்லை என்பதை எதிர்த்தரப்பில் சொல்லிவைக்கிறேன்.

கலியாண மாப்பிள்ளையின் கதி இன்னும் பரிதாபம். வைகாசி முகூர்த்தம். காலையில் பட்டு வேட்டியோடு ஹோமப் புகையில் மூன்று மணி நேரம். அதாவது தேவலை, மேலே துண்டுதானே! மாலையில் வரவேற்பு. பெண் வீட்டார் எடுத்துக்கொடுத்த கோட்டு, அதற்குள் இடைச்சட்டை, அதற்குள் முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை, டைமேல் ரோஜா மாலை. முகத்துக்கு எதிரே வீடியோக்காரரின் விளக்கு. கை குலுக்க வருகிறவர்கள் நானூறு பேர். என்னுடைய கலியாணமும் மே மாதத்தில்தான் நடந்தது. மாமனார் பார்த்துப் பார்த்து நல்ல கம்பளித் துணியாக வாங்கிக் கோட்டு தைத்திருந்தார். அந்த ஆல்பத்தில் நான் என் மனைவியைப் பார்த்துக் கண்கலங்கி நிற்பதுபோல் ஒரு படம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் உருகிப் போகிறார்கள். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கிய சமயம் அது. நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

நிற்க. வேட்டிக்காக ஒரு சட்டமே உண்டு என்பது பலருக்கு மறந்திருக்கும். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு ஹைக்கோர்ட்டு நீதிபதி ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு போனார். உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் தடுத்துவிட்டார்கள். சட்டசபையில் ஒரே அமளி. அடுத்த மாதமே சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் தடுத்தால் உரிமம் ரத்தாகலாம், 25,000 ரூபாய் அபராதம், ஒரு வருஷம்வரை சிறைகூட உண்டு. நல்ல சட்டம். நானும் வேட்டியோடு ஒரு கிளப்புக்குப் போய்ப் பார்த்தேன். மரியாதையாக உள்ளே விட்டார்கள். உள்ளே குளிர்சாதனம் போட்ட போட்டில் வேட்டிக்குள் கால் விறைத்துப் போயிற்று. சுற்றிலும் கோட்டுப் போட்டவர்கள் சுகமாக உட்கார்ந்திருந்தார்கள். கோட்டுக்காகக் குளிர்சாதனம், குளிர்சாதனத்துக்காகக் கோட்டு! ஜப்பானில் 2005-இல் சர்க்காரே முன்வந்து, கோடையில் ஆபீஸ்களில் 28 டிகிரிக்குக் கீழே குளிர வைக்கவேண்டாம், டையையும் கோட்டையும் கழற்றிவிடுங்கள் என்று பிரசாரம் செய்தது. ஜப்பானியர்கள் மரியாதைக்குப் பேர்போனவர்கள், அவர்களே கழற்றினார்கள். நமக்குத்தான் மனம் வரவில்லை. வேட்டி தினம் என்று ஒன்று கொண்டாடுகிறோம். அதையும் ஜனவரியில் கொண்டாடுகிறோம்.

இந்தக் குளிர்சாதனத்துக்கு வெளியே ஒருவர் நிற்கிறார். தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடை வாசலில் பார்த்திருப்பீர்கள். தொப்பி, பெல்ட், தோளில் பொன்னிறச் சரடு, முழுக்கைப் பாலியெஸ்டர் சட்டை, கனத்த பூட்ஸ். சில இடங்களில் தலைப்பாகையும் ஜரிகை அங்கியுமாக மகாராஜா வேஷம். கடைக்கு உள்ளே இருப்பவர் அரைக்கைச் சட்டையில் இருக்கிறார். வெய்யிலில் நிற்பவருக்கு ராஜ உடுப்பு. யாராவது வந்தால் அவர் பரபரப்போடு கதவைத் திறந்து சலாம் வைக்கிறார். நான் வெகுநாள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எதிர் நடைபாதையில் பஸ்ஸுக்காக நின்றபோதுதான் கவனித்தேன். கதவு திறக்கும் ஒரு நொடியில் உள்ளேயிருந்து வரும் குளிர்ந்த காற்று அவர் முகத்தில் படுகிறது. வாடிக்கைக்காரர் உள்ளே போனபிறகும் கதவை மூடுவதற்கு அவர் இரண்டு நொடி அதிகமாக எடுத்துக்கொள்கிறார்.

இவற்றையெல்லாம் பல வருஷங்களாகப் பார்த்துவந்ததில் எனக்கென்று ஒரு சித்தாந்தம் உருவாயிற்று. தமிழ்நாட்டு ஆண்மகனுக்கு இயற்கை வகுத்த கோடை உடை இடுப்பில் வேட்டி, மார்பில் காற்று என்பதுதான் அது. கோயிலையே சாட்சிக்கு அழைத்தேன். திருச்செந்தூரிலும் சுசீந்திரத்திலும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே சந்நிதிக்குப் போகிறோம்? கல் மண்டபத்தின் குளுமை வெறும் முதுகில் படும்போது பக்தி தானாக வரவில்லையா? மகாத்மாவையும் அழைத்தேன். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில்தானே அவர் மற்ற உடுப்புகளைத் துறந்து அரைத்துணிக்கு வந்தார்? அதே கோலத்தில்தானே 1931-இல் லண்டன் அரண்மனைக்குப் போய் மன்னரைக் கண்டார்? எங்கள் பேட்டை நூல்நிலையத்தில் சென்ற சித்திரை மாதம் இதை ஒரு பிரசங்கமாகவே செய்தேன். முன்வரிசையில் நல்ல சிரிப்பு. நானும் சற்று மிதப்பாகத்தான் இருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் என்னோடு நடந்துவந்தார் எங்கள் அடுத்த தெரு ஹெட்மாஸ்டர். ஓய்வு பெற்று ரொம்ப காலமாகிவிட்டது. எந்த வெய்யிலிலும் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பொத்தானும் கழுத்துப் பொத்தானும் போட்டிருக்கும். இஸ்திரி மடிப்புக் கத்திபோல் நிற்கும். அவரைக்கூட மனத்தில் வைத்துத்தான் பிரசங்கத்தில் ஒரு வேடிக்கை சொல்லியிருந்தேன்.

"நல்லாப் பேசினீங்க சார்" என்றார். பிறகு பத்தடி நடந்தபின் சொன்னார்: "வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நடக்கிறவன் பெரியவரைப் பார்த்தா மடிப்பை இறக்கி விடுவான்னு சொன்னீங்க பாருங்க, அது ரொம்ப சரி. எங்க அப்பாவுக்கு இன்னொண்ணும் இருந்துது. தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில கட்டணும். மிராசுதார் வீட்டுத் தெரு முனை வந்ததுமே கட்டிடணும். அவர் வெளியே வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. பண்ணையாளுக்குச் சட்டையே கிடையாது. நீங்க காத்துக்காகக் கழட்டறீங்க சார். எங்க அப்பா கழட்டினது காத்துக்காக இல்லே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நிதானமாகவே பேசிக்கொண்டு போனார். "காந்தி கழட்டினாரு. சரி. அவருக்குக் கழட்ட ஒரு கோட்டு இருந்துது. அம்பேத்கர் ஏன் கடைசி வரைக்கும் கோட்டைப் போட்டுக்கிட்டே இருந்தாரு? பம்பாயிலேயும் டில்லியிலேயும் வெய்யில் இல்லியா? நான் டிரெயினிங் முடிச்சு முதல் சம்பளம் வாங்கினதும் இரண்டு முழுக்கைச் சட்டை தைச்சேன். ஒண்ணு எனக்கு. ஒண்ணு எங்க அப்பாவுக்கு. அவர் அதைப் போட்டுக்கிட்டு மேலத்தெரு வழியா ஒரு தடவை நடந்துட்டு வந்து, கழட்டிப் பெட்டியில வெச்சுட்டாரு. வேர்க்குதுடான்னாரு. ஆனா நடந்துட்டு வந்தாரு."

தெரு முனையில் அவர் விடைபெற்றுக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து நெடுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் சித்தாந்தத்தில் ஓட்டை எங்கே என்று அப்போதுதான் தெரிந்தது. வெற்று மார்பு, காற்று, இயற்கை என்றெல்லாம் நான் பேசியது சட்டையைப் போடவோ கழற்றவோ தன் இஷ்டப்படி முடிந்த ஒருவனுடைய பேச்சு. ஒருவனுடைய உடம்பைத் திறந்து வைக்கவேண்டும் என்று மற்றொருவன் உத்தரவிட்ட தேசம் இது. தென்கோடியில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளும் உரிமைக்காக வருஷக்கணக்காகப் போராடி, 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசிடமிருந்து பிரகடனம் பெற்றார்கள். அப்போதும் மேல்சாதியாரைப் போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தத் தேசத்தில் முழுக்கைச் சட்டையை வேர்வையைக் கொண்டு மட்டும் அளந்தது என் தப்பு. என் தாத்தாவின் கோட்டும் ஹெட்மாஸ்டரின் சட்டையும் ஒரே மாதிரி நனைகின்றன என்றாலும், முன்னதை ஒருவர் மேலேயிருந்து மாட்டிவிட்டார். பின்னதை அவரே தைத்துக்கொண்டார். ஜவுளிக்கடை வாசல் மனிதரின் ஜரிகை அங்கி இதில் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என்றாலும் கழுத்துக் கைக்குட்டையையும் மாப்பிள்ளையின் இடைச்சட்டையையும் பற்றி நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட வாபஸ் வாங்குவதாக உத்தேசமில்லை. அவை அசட்டுத்தனம்தான்.

இரண்டு வாரம் கழித்து, கத்திரி உச்சத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு மின்சாரம் போய்விட்டது. கூடத்துத் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹெட்மாஸ்டர். நூல்நிலையத்துப் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். இத்தனை வருஷமாக அவருக்கு நான் எப்படிக் கதவைத் திறந்திருக்கிறேன் என்று அப்போது யோசித்துப் பார்த்தேன். பால்காரருக்குத் திறப்பதுபோலத்தான், பக்கத்துத் தெருக்காரர், நெருங்கிப் பழகினவர் என்ற உரிமை என்று சொல்லிக்கொண்டு. காரணம் அது மட்டும்தானா என்பது எனக்கு நிச்சயமில்லை.

ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு சார் இந்த வெய்யில்ல சட்டை? கரண்டு வேற இல்லே" என்றார்.

"நீங்களும்தான் போட்டிருக்கிறீர்கள்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன். இருவர் முதுகும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. என் மனைவி இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், ஒரு பனையோலை விசிறியையும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அதை யார் எடுப்பது என்று கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர்தான் எடுத்தார்.